நாற்பத்தொன்றாம் நாள் வேட்டி

என்னங்க தம்பி, ஏறுனதுலருந்து என்ற வேட்டியவே பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. கரையப் பாத்தா கட்சிக்காரனாட்ட இருக்குது, வேட்டியப் பாத்தா ரோஸ் கலர்ல இருக்குது, இந்த ஆளு எந்தக் கட்சிடா சாமின்னுதான யோசிக்கறீங்க? இது சாயம் முக்குன வேட்டியில்லீங்க. வெள்ள வேட்டிதான். புதுசா இருந்தப்ப கண்ணு கூசும், அத்தன வெள்ள.

சித்தெ நகுந்து உக்காருங்க. அந்தப் பைய மட்டும் மிதிச்சராதீங்க, உள்ள புது வேட்டி இருக்குது. பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் மாத்திக்குவேன். பதினோரு மணிக்கு எனக்கு கட்சி ஜில்லா ஆபீஸ்ல நேர்காணலுங்க. வார்டு கவுன்சிலர் சீட்டு கேட்டு மனு குடுத்திருக்கறேன். இருபத்தாறு வருசமா கட்சிங்க. கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டுனது நானு, கூட்டத்துக்கு லாரில ஆளு ஏத்துனது நானு, தலைவர் வந்தா வெயில்ல நின்னு வேட்டு வெச்சதும் நானு. "சென்னியப்பா, இந்தத் தடவ பத்தாவது வார்டு உனக்குத்தான்"னு மாவட்டமே, அதாங்க மாவட்டச் செயலாளரே, வாய் தொறந்து சொல்லிருச்சு. அப்பப் பாத்து வருதுங்க இந்தத் துணிக் கத.

கேக்கறீங்களா? இன்னும் முக்கா மணி நேரம் ஓட்டம் இருக்குது, கேளுங்க.

எங்க வீதில அறுவது ஊடு. மேக்கால ஒரு சாயப்பட்டறை. பட்டறைக்காரரு நல்ல மனுசனுங்க, கட்சிக்கு நெம்ப வேண்டியவரு, அதனால பேரு சொல்ல மாட்டேன். எங்க போர்வெல் தண்ணி கொஞ்சம் கலராத்தான் வரும். கொஞ்சம்தானுங்க. பட்டறைல என்ன ஆர்டர் ஓடுதோ அந்தக் கலரு. எங்கூருப் பொம்பளைங்க கொழாயத் தொறந்ததுமே சொல்லீருவாளுங்க, "ஏக்கா, இன்னைக்கு நேவி ப்ளூ ஓடுதாட்ட இருக்குது", "நேத்திக்கு மெரூனு, இன்னும் தீரலையாட்ட". எங்கூட்டுக்காரி வசந்தாமணி இருக்கறாளே, அவ தண்ணிய ஒரு சொம்புல புடிச்சு வெயில்ல காட்டி, ஆர்டர் எத்தன நாளைக்கு ஓடும்னு சொல்லீருவா. பட்டறை மேனேஜருக்குக் கூட அத்தன சுத்தமாத் தெரியாது. அதெல்லாம் ஒரு தெறமையா, விடுங்க.

எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லீங்க. பட்டறைக்காரரு தெனம் நாலு கேன் நல்ல தண்ணி எங்கூட்டுக்குத் தாட்டி உட்டுருவாரு. ஒரு அன்பளிப்புதான, தப்புங்களா? ரெண்டு கேன் குடிக்க, சமைக்க. ரெண்டு கேன் என்ற வேட்டி சட்டை அலச. பொது வாழ்க்கைல இருக்கறவன் வெள்ளையாப் போயி நிக்கோணுமில்லீங்களா? அழுக்கு வேட்டியோட போயி மைக் புடிச்சா எவன் கேப்பான்? வசந்தாமணியும் இருவது வருசமா ஒரு சொல்லு சொல்லாம அலசித்தான் குடுத்துட்டிருந்தா. தங்கமான பொம்பள. அவ மனசக் கெடுத்தது அந்தப் புள்ளதானுங்க.

எந்தப் புள்ளயா? இருங்க, வர்றேன்.

ஆடி மாசம் நாலு பேரு வந்தாங்க, காலேஜுல படம் வரையப் படிச்சவிய. ரெண்டு பையனுங்க, ரெண்டு புள்ளைங்க. ஒருத்தனுக்குத் தாடி, ஒருத்தனுக்குக் குடுமி. தலைவி ஒரு புள்ள, பேரு நறுமுகை. எங்க வீதில ஒரு ரூமு வாடகைக்குப் புடிச்சுத் தங்கிட்டாங்க. என்னமோ கலை இயக்கமாமா. கலைய மாளிகைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களாமா, இவிய அத வாசலுக்குக் கொண்டாரப் போறாங்களாமா. நாம தெனம் படற பாட்டுலதான் அரசியல் இருக்குதாமா. "அங்கிள், ஒங்க வீதிலருந்துதான் தொடங்கப் போறோம்"ங்குது. அங்கிளு! எனக்குக் கோவம் பொத்துட்டு வந்துச்சு. "கண்ணு, வாசல்ல ஏற்கனவே சாக்கடைத் தண்ணி நிக்குது, கலைக்கு எடமில்ல, போயிட்டு வா"ன்னு சொல்லிப்போட்டேன். சிரிக்குதுங்க அந்தப் புள்ள. வெக்கமே இல்லாம அதையும் நோட்டுல எழுதிக்குது.

மொதல்ல பால் சொசைட்டிச் செவுத்துல ஒரு படம் வரைஞ்சாங்க. பெரிய மண்டையோடு, அதோட வாயிலருந்து கலர் கலராத் தண்ணி ஊத்துது, கீழ மீனெல்லாம் செத்து மெதக்குது. பத்து நாளு வேல. நாங்கூட கொஞ்சம் பயந்துட்டேன், என்னடா இது எலக்சன் நேரத்துலன்னு. ஆனா எங்க பொம்பளைங்க பாத்துட்டு வாயப் பொத்திட்டுச் சிரிச்சுட்டாளுங்க. வசந்தாமணிதான் நேராப் போயி சொல்லியிருக்கறா. "ஏங்கண்ணு, இது பேய்ப் பட போஸ்டராட்ட இருக்குது. எங்கூரு ஆத்துல மீனப் பாத்தே முப்பது வருசமாச்சு, நீ எந்த மீனக் கொன்ன? சாவுப் படம் போட்டா எவன் நின்னு பாப்பான்? வா, வந்து என்ற கொடியப் பாரு."

கூட்டிட்டுப் போயி எங்கூட்டுப் பின்னால பொடக்காளில துணி காயற கொடியக் காட்டியிருக்கறா. ஒரு பக்கம் கேன் தண்ணில அலசுன என்ற வேட்டி, பளீர்னு. அதுக்குப் பக்கத்துல போர்த் தண்ணில அலசுன அவளோட உள்பாவாட. அதுவும் வெள்ளையாத்தான் இருந்துச்சாமா ஒரு காலத்துல. நறுமுகை கொடிக்கு முன்னால அப்படியே மண்ணுல உக்காந்துக்கிச்சாமா.

பாத்தீங்களா தம்பி? என்ற ஊட்டுக்குள்ளயே வந்து எப்படிக் கெடுத்துருச்சுன்னு?

அடுத்த வாரம் எங்க ஒன்றியச் செயலாளர் பையனுக்குக் கல்யாணம். மேடை ஏறி மொய் வெக்கறேன், போட்டோக்காரன் கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறான். "அண்ணா, லைட்டு பிரச்சனையா, வேட்டி பிரச்சனையா?"ங்கறான். குனிஞ்சு பாத்தா இந்தா, இந்தக் கலரு. மண்டபமே பாக்குது. ஊட்டுக்கு வந்து குதிச்சேனுங்க. "ஏப்புள்ள, கேன் தண்ணி எங்க போச்சு?"

அவ அரிசி பொடைச்சுட்டே சொல்றா, "பக்கத்தூட்டு சிவகாமி பேத்திக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"குளிக்க வெக்கறதுக்கு. பொறந்து ஏழு மாசம். ஒடம்பெல்லாம் செவந்து செவந்து தடிச்சிருக்குது, ராவும் பகலும் அழுவுது. டாக்டரு இந்தத் தண்ணிய மேல ஊத்தாதீங்கன்னுட்டாரு. ஒங்க வேட்டிக்கு ரெண்டு கேனு, அந்தப் பச்சப் புள்ளைக்கு ஒரு சொம்பு இல்லீன்னா எனக்குச் சோறு எறங்கல மாமா."

கொழந்த அழுவறது எனக்கும் கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. பட்டறைக்காரர்கிட்டச் சொல்லி அந்தக் கொழந்தைக்கும் ஒரு கேன் வாங்கித் தர்றேன்னேன். அதுக்கு அவ மொறைச்சா பாருங்க ஒரு மொற, இருவத்தெட்டு வருசத்துல அப்படி ஒரு மொறைய நா பாத்ததில்ல. நல்லது சொன்னாலும் தப்புங்க இந்தப் பொம்பளைங்களுக்கு.

அதுக்கப்பறம்தான் கயிறு வந்துச்சு.

ஊட்டுக்கு ஒரு வெள்ளத் துணி, தெனம். போர்த் தண்ணில அலசறது. ஓரத்துல கதவு நம்பரும் தேதியும் வண்ணான் குறி போடற மையில எழுதறது. அப்பறம் அத ஒரே கயித்துல காயப் போடறது. கயிறு எங்க வீதிக் கடைசில தொடங்கி, கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டி, மார்க்கெட்டு தாண்டி, பேரூராட்சி ஆபீஸ் கேட்டுல போயி முடியுது. ஒரு கோசமில்ல, ஒரு போர்டு இல்ல. வெறும் துணி. மொத நாளு நேவி ப்ளூ ஓடுச்சு, எல்லாத் துணியும் வெளிறிப்போன நீலம். நாலு நாளு கழிச்சு மெரூன் ஆர்டரு, வீதியே ரோஸாயிருச்சு. பஸ்ஸுல போறவியெல்லாம் தலைய நீட்டிப் பாக்கறாங்க. பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க நாளைக்கு என்ன கலருன்னு பந்தயம் கட்டறாங்க. உண்மையச் சொல்றேன் தம்பி, காத்து அடிக்கறப்ப பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குக் கலை கிலையெல்லாம் தெரியாதுங்க, இருந்தாலும் சொல்றேன்.

போலீஸு வந்துச்சு. அனுமதி இல்லாம ஆர்ப்பாட்டமான்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. தாடிக்காரன் என்னமோ சட்டம் பேச வாயத் தொறந்தான். எங்கூட்டுக்காரி அவன அக்கட்டால தள்ளிட்டு முன்னால போயி நிக்கறா. "சார், ஆர்ப்பாட்டமெல்லாம் நமக்கெதுக்குங்க. துணி தொவைச்சோம், காயப் போட்டிருக்கறோம். துணி காயப் போடறதுக்கு எங்கீங்க மனு குடுக்கோணும்?"

இன்ஸ்பெக்டரு லத்தியால ஒரு துணியத் தூக்கிப் பாத்தாரு. "சரிம்மா, எடுத்துருங்க."

"ஈரமா இருக்குதுங்களே சார். ஈரத்தோட மடிச்சா நாறிப் போகும். காயட்டும், எடுத்துக்கறோம்."

அதுல என்ன குத்தம் சொல்ல முடியும்? அவரு போயிட்டாரு. மக்கா நாளு வந்து பாத்தாரு, அன்னைக்குத் தொவைச்ச துணி ஈரமா இருக்குது. அதுக்கு மக்கா நாளும் ஈரம். ஒரு வாரம் வந்தாரு பாவம். ஒரு நாளு ஈரமா இல்லையான்னு துணியப் புடிச்சுப் புழிஞ்சே பாத்தாரு. கையெல்லாம் பச்ச. அன்னைக்கு பாட்டில் க்ரீன் ஓடிட்டிருந்துச்சு. அதோட வரல.

பேப்பர்ல போட்டாங்க. டிவில காட்டுனாங்க. நறுமுகைகிட்ட மைக்க நீட்டறாங்க, அந்தப் புள்ள எங்கூட்டுக்காரியக் கை காட்டுது, "இது அவங்க வேலை, நாங்க கயிறுதான் கட்டினோம்"னு. என்னா தந்தரம் பாத்தீங்களா! மாட்டிக்கக் கூடாதுன்னு என்ற பொண்டாட்டிய முன்னால தள்ளி உடுது. வசந்தாமணி எட்டாவது படிச்சவ, அவளுக்கு என்னங்க தெரியும் இதெல்லாம்?

மாவட்டத்துலருந்து எனக்குப் போனு. "சென்னியப்பா, ஒன்ற வீதி, ஒன்ற பொண்டாட்டி, நீ அடக்கலைன்னா எவன் அடக்குவான்?" நா என்னங்க பண்ணட்டும்? ஆனா ஒரு விசயம் கவனிச்சேன். முப்பதாவது நாளுக்கு மேல கயித்துல துணி கொறைய ஆரம்பிச்சுருச்சு. வெள்ளத் துணி எத்தனதான் இருக்கும் ஒரு ஊட்டுல? பழைய வேட்டி, துண்டு, தலகாணி ஒற எல்லாம் கலராயிப் போச்சு. ஒரு நாளு நாப்பது, ஒரு நாளு இருவது. எண்ணிப் பாத்துட்டு நானே மாவட்டத்துக்குப் போன் பண்ணி, "அண்ணா, இன்னும் ஒரு வாரம், தானா அடங்கீரும்"னு சொல்லிப்போட்டேன்.

அப்பத்தான் தலைவர் பொறந்த நாளு வந்துச்சு. வருசா வருசம் ஏழைகளுக்கு வேட்டி குடுக்கறதுங்க, கட்சிக் கரை போட்டது. எங்க ஊருக்கு எரநூறு வேட்டி. எனக்கு ஒரு யோசன. மத்த வீதிக்குப் பிரிக்கறத விட, எரநூறையும் நம்ம வீதிக்கே குடுத்தா? கோவமா இருக்கற சனம், கை நெறையக் குடுத்தா மனசு குளுந்து போகும். மேடை போட்டு, கூட்டம் சேத்து, ஊட்டுக்கு மூணு வேட்டி, பெரிய குடும்பத்துக்கு நாலுன்னு எரநூறையும் என்ற கையாலயே குடுத்தேன். பொம்பளைங்க எல்லாம் சிரிச்சு, கும்புட்டு வாங்கிட்டுப் போனாங்க. எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு.

அட, நீங்களே சிரிக்கறீங்களே! ஆமா தம்பி, அதேதான். மக்கா நாளு காத்தால டீக்கடைக்கு எந்திரிச்சுப் போறேன், கயித்துல எடமே இல்ல. எங்க வீதிலருந்து பேரூராட்சி ஆபீஸ் வரைக்கும் கட்சிக் கரை வேட்டி. எரநூறு. அன்னைக்குன்னு பாத்து மெரூனு. டீக்கடைக்காரன் கேக்கறான், "ஏனுங்ணா, ஒங்க கட்சியே போராட்டத்துல எறங்கிருச்சாட்ட?" நாப்பத்தொண்ணாவது நாளுங்க அது. டிவிக்காரன் அதே கேள்விய மைக்குல கேட்டுட்டான். "ஆளுங்கட்சியே தண்ணிக்காகப் போராட்டமா?"

ஒரு ஆத்திரத்துல கத்தியெடுத்துட்டுப் போயிட்டேன், கயித்த அறுத்து உட்டரலாம்னு. எங்கூட்டுக் கதவு நம்பர் பதினாலு. கயித்துல பதினாலாவது நம்பர் வேட்டிகிட்ட வசந்தாமணி நின்னுட்டிருக்கறா, கிளிப்பு மாட்டிட்டு. என்னப் பாத்தா. கத்தியப் பாத்தா. "சித்தெ இருங்க, இது மாட்டிடறேன், அந்த முனையப் புடிங்க"ன்னா. நானும் புடிச்சேன். பழக்கதோசம். இருவத்தெட்டு வருசமா நனஞ்ச வேட்டிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நானு, ஒதறிக் கொடில போடறதுதான எங்களுக்குப் பழக்கம். அதை ஒரு படுபாவி போட்டோ எடுத்துட்டான். முதல் பக்கத்துல போட்டுட்டான். கத்தி மட்டும் அதுல தெரியல.

அதுக்கப்பறம் என்ற சீட்டு ஊசலாட ஆரம்பிச்சுருச்சுங்க. நேத்து மாவட்டம் போன்ல கூப்பிட்டு ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுனாரு. "நாளைக்கு நேர்காணல்ல ஒரு கடிதாசி வெச்சிருப்போம். பத்தாவது வார்டுல தண்ணிப் பிரச்சன எதுவுமில்ல, வெளியாளுங்க வந்து தூண்டி உடறாங்கன்னு. அதுல கையெழுத்துப் போடு, சீட்டு ஒனக்கு. நல்ல வேட்டியாக் கட்டிட்டு வா." அத்தனதான். கையெழுத்துல என்னங்க இருக்குது? கட்சி சொன்னா போடறதுதான். இருவத்தாறு வருசமாப் போட்டிருக்கறேன்.

வசந்தாமணிகிட்டயும் மறைக்கலீங்க. காத்தால காப்பி குடிக்கறப்ப சொல்லிட்டேன். கத்துவா, அழுவான்னு பாத்தேன். ஒண்ணுமில்ல. இட்லி வெச்சுக் குடுத்தா. உள்ள போயி இந்த வேட்டியக் கொண்டாந்து கட்டிலு மேல வெச்சா. இஸ்திரி போட்டு, விசிறி மடிப்பா. "மாமா, நீங்க போயி தண்ணி நல்லாருக்குதுன்னு சொல்லுங்க. நா ஒரு வார்த்த கேக்க மாட்டேன். ஆனா இதக் கட்டிட்டுப் போயி சொல்லுங்க"ன்னா.

சண்டை போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அவ போடல. அதான் கட்டிட்டு வந்துட்டேன், ஊடு வரைக்கும் ஒரு சமாதானம். வழில கடைல நிறுத்தி ஒரு புது வேட்டி எடுத்துட்டேன். நா என்ன அத்தன ஏமாளியா?

வேட்டி ஓரம் தெரியுதுங்களா? இல்லீங்களா, நல்லது. உள்ள வெச்சு மடிச்சுக் கட்டியிருக்கறேன். நம்பர் பதினாலு, நாப்பத்தொண்ணாவது நாளோட தேதி, அவ கையெழுத்து. அவ எழுத்து குண்டு குண்டா இருக்கும். எட்டாவதுல அவ எழுத்துக்குப் பரிசு குடுத்தாங்களாமா. கல்யாணமான புதுசுல சொல்லியிருக்கறா, நாந்தான் மறந்துட்டேன்.

ஏனுங்க கண்டக்டரு, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? பத்தே முக்காலா? அட சாமி, கத பேசிட்டே நேரம் போயிருச்சே. இனி எங்கீங்க மாத்தறது? இந்த ஸ்டாண்டு பாத்ரூம்ல கால் வெக்க முடியாது, புது வேட்டி அழுக்காயிரும். கடைசி நிமிசத்துல வேட்டி மாத்திட்டு வேர்த்து விறுவிறுத்துப் போயி நின்னா நல்லாவா இருக்கும்? அந்தக் கொழந்தைக்கு இப்பத் தேவலைங்க, சொல்ல மறந்துட்டேன். நேத்து என்னப் பாத்து சிரிச்சுச்சு, பொக்க வாயத் தொறந்து. கேன் தண்ணில குளிக்கறதால. மத்த கொழந்தைகளுக்கு யாரு கேனு குடுக்கறாங்க, சொல்லுங்க.

நெரிசல்ல எறங்கறதுக்கு முன்னால சித்தெ இந்தப் பக்கம் மறைச்சு நில்லுங்க தம்பி, வேட்டியச் சரி பண்ணிக்கறேன். உள்ள இருக்கற ஓரத்த வெளியில திருப்பிக் கட்டோணும். இல்லீங்க, சும்மாதான், மடிப்பு சரியா உக்காரல. ம், இப்பப் பாருங்க. நம்பரு, தேதி ரெண்டும் நேரா இருக்குதா? எட்ட நின்னு பாத்தாலும் படிக்க வருதா? சரி.

அந்தப் பை ஒங்களுக்கே இருக்கட்டும். அட வாங்கிக்கங்க, ஊட்டுல அப்பாரு இருப்பாருல்ல, அவருக்குக் குடுங்க. ஒங்கூரு எங்கீங்க? ஆத்துல எங்களுக்குக் கீழயா? எங்க தண்ணி அங்கதான வந்து சேரும். அப்ப ஒண்ணு பண்ணுங்க. அப்பாருக்குக் குடுக்கறதுக்கு முன்னால ஒங்கூட்டுத் தண்ணில ஒரு தடவ அலசி, வாசக் கொடில போட்டுப் பாருங்க. கலரு ஏறுச்சுன்னா ஓரத்துல தேதி போட மறந்தராதீங்க.